பெட்டியின் ஒட்டு விட்டால் நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை நடத்துகிறோம். விளக்கின் எடையைச் சொல்லித்தான் தஞ்சாவூரில் ஒருவரிடம் ஐந்து பிளை (ஐந்தடுக்கு) அட்டைப் பெட்டிகள் செய்து வாங்கினோம். சென்னைக்கு லாரியில் போன சரக்கில் பல பெட்டிகள் பக்கவாட்டில் ஒட்டு விட்டுப் பிரிந்து, விளக்குகள் நசுங்கிவிட்டன. கடைக்காரர் பணத்தைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்காரரோ, "ஐப்பசி மழையில் நனையவிட்டது நீங்கள்தான்" என்று சொல்லி மீதிப் பணத்தைக் கேட்டு நெருக்குகிறார். பெட்டி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பாதி இன்னும் கட்டுப் பிரிக்காமல் குடோனில் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, இன்றைக்கே பெட்டிக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள். அவர் குறு, சிறு தொழில் பதிவு வைத்திருந்தால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் அவர் பக்கம் பேசும். சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பிறகு பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டுவட்டி கேட்பார். போனில் சண்டை போட்டது கணக்கில் வராது.

அடுத்து, பிரிந்த பெட்டிகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னையில் கிடப்பதையும் வரவழையுங்கள். பெட்டியின் பக்கங்களைப் பசையால் இணைக்கும் ஒட்டுப் பட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். பசை சரியாகப் பிடித்த இடத்தில் காகிதம்தான் நார் நாராகக் கிழிந்து எதிர்ப்பக்கத்தோடு வரும். அப்படியிருந்தால் பாரம் அதிகம், லாரியில் தூக்கிப் போட்டார்கள் என்று அவர் வாதாட இடமுண்டு. கிழிசலே இல்லாமல் பசை கண்ணாடிபோல் காய்ந்து பளபளத்தால், பசை போதவில்லை, அல்லது அழுத்துவதற்கு முன்பே காய்ந்துவிட்டது. அது தயாரிப்புக் குறை.

ஈரத்திலும் பசை இளகும், குறிப்பாக மாவுப் பசை. அதனால்தான் குடோனில் இருப்பவை உங்களுக்குப் பெரிய பலம். மழையே படாத அந்தப் பெட்டிகளும் அதேபோல் விட்டால் அவருடைய மழை வாதம் நிற்காது. இரண்டு மூன்றை மட்டும் சாட்சி வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். மற்றவற்றைத் தொடாமல் ஆய்வகப் பரிசோதனைக்கு வையுங்கள்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவுப்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி, அந்தத் தொழிலில் இருப்பவரை நம்பி வாங்கினால், பொருள் அதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். எடையைச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். பயன்படுத்திய பெட்டிகளைத் திருப்பித் தர முடியாது. ஆனால் 59ஆம் பிரிவில் நஷ்டத்தை விலையில் கழிக்கலாம். உள்ளே விளக்கு போகும் என்று அவருக்குத் தெரியும் என்பதால், ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் விளக்குகளின் சேதத்தையும் கேட்கலாம். முழுப் பாக்கியையும் நிறுத்திவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழுதில்லாத பெட்டிகளுக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள், உங்கள் நியாயம் இன்னும் வலுக்கும்.

சரக்கு லாரியில்தான் நனைந்தது என்று தெரியவந்தால் பொறுப்பு லாரிக்காரருக்குப் போகும். அவருக்கு, சரக்கு புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கே போட முடியாது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அந்த நோட்டீஸையும் இப்போதே அனுப்பிவிடுங்கள்.