ரைபிளில் குறி துல்லியமாக வர என்ன வழி? வேலூரிலிருந்து போட்டிகளுக்குப் போவது எப்படி?

கேட்டவர் வேலூரில் கல்லூரியில் படிக்கும் என்.சி.சி. மாணவர். முகாமில் பாயின்ட் 22 ரைபிளில் படுத்துச் சுட்டிருக்கிறார். ரொம்பப் பிடித்துவிட்டது, ஆனால் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறுகின்றன. சொந்தமாக நல்ல ரைபிள் வாங்கினால் சரியாகிவிடுமா, போட்டிக்குப் போக எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். நான் காட்பாடியில் இருக்கிறேன். பல வருடங்களாக 10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் ரைபிள்) சுடுகிறேன், விருப்பமுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன்.

இப்போதைக்கு ரைபிள் வாங்க வேண்டாம். சிதறலுக்குப் பெரும்பாலும் துப்பாக்கி காரணமாக இருக்காது.

குண்டு நடுவில் விழுகிறதா என்று பார்ப்பதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். ஐந்து குண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் விழுகின்றன என்பதை மட்டும் பாருங்கள். என்.சி.சி.யில் க்ரூப்பிங் என்று சொல்லி அளப்பது அதைத்தான். ஐந்தும் இடது மேல் மூலையில் ஒரு ரூபாய் காசுக்குள் விழுந்தால் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள் என்று அர்த்தம். சைட்டை (ரைபிளில் குறிபார்க்கும் பாகம்) சில க்ளிக் திருப்பினால் மொத்தக் குழுவும் நடுவுக்கு வந்துவிடும். ஒன்று பத்தில், ஒன்று ஐந்தில், ஒன்று அட்டைக்கு வெளியே என்றால் எந்த சைட்டைத் திருப்பியும் பயனில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியின் குழல் முனையிலுள்ள முன்குறி வளைந்தே இருந்தாலும், ஒரே மாதிரி பிடித்துச் சுடுகிறவர் முதல் இரண்டு குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்து, அந்த அளவுக்குத் தள்ளிக் குறிவைத்து மிச்சப் பலூன்களை உடைத்துவிடுவார். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பிடிக்கிறவருக்கு எந்த உயர்ந்த ரைபிளைக் கொடுத்தாலும் அது உதவாது.

ஒரே மாதிரி பிடிப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்ம ஊர் பளு தூக்குதலுக்குப் பேர் போனது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கியவர். அதனாலோ என்னவோ, இங்கே புதிதாக வருகிற பிள்ளைகள் ரைபிளையும் கைப்பலத்தில் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். போட்டி ஏர் ரைபிள் நான்கரை, ஐந்து கிலோ இருக்கும் (விதிப்படி அதிகபட்சம் 5.5 கிலோ). அதைத் தசையால் தாங்கினால் பத்து நொடியில் நடுக்கம் வந்துவிடும். எலும்பு தாங்க வேண்டும். வலது கைக்காரர் நின்று சுடும்போது இலக்குக்குப் பக்கவாட்டாக நின்று, இடது இடுப்பை இலக்குப் பக்கம் லேசாகத் தள்ளி, இடது முழங்கையை அந்த இடுப்பெலும்பின் மேல் ஊன்றிவிடுவார். ரைபிளின் எடை முன்கை, முழங்கை, இடுப்பு, கால் என்று எலும்பு வழியாகவே தரைக்கு இறங்கும். அந்தக் கை ரைபிளை இறுக்கிப் பிடிப்பதே இல்லை, அதன் மேல் ரைபிள் சும்மா உட்கார்ந்திருக்கும். தலையைக் குனிந்து ரைபிளிடம் கொண்டுபோகக் கூடாது. தலை நேராக இருக்க, ரைபிள்தான் கண்ணுக்கு வர வேண்டும். படுத்துச் சுடும்போதும் இதே கணக்குதான், இடது முழங்கை கிட்டத்தட்ட ரைபிளுக்கு அடியில் இருக்க, எடையைக் கையில் மாட்டிய வார் தாங்கும்.

நின்றாகிவிட்டது. இனி கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறங்கள். முன்குறி கறுப்பு வட்டத்தின் மேலேயே இருக்கிறதா? வலது பக்கம் போயிருந்தால் உங்கள் உடம்பு இயல்பாகப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பெரும்பாலானவர்கள் இங்கே கையால் ரைபிளை இழுத்து நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். சுடும் கணத்தில் தசை தளர்ந்ததும் ரைபிள் தன் பழைய இடத்துக்கே திரும்பும், குண்டும் அங்கேதான் போகும். பாதத்தை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். படுத்திருந்தால் இடது முழங்கையை அச்சாக வைத்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். இந்தக் கண் மூடிப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு தொடருக்கு முன்னும் செய்யுங்கள். நான் சொல்லிக் கொடுப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் குழப்பம். முன்குறி தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும். இலக்கைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் முன்குறி மங்கும். கண்ணுக்கு அருகில் உள்ள அதில் ஒரு மயிரிழை தவறினால் பத்து மீட்டரில் அது பல மடங்காகிவிடும். வளைய சைட் (முன்குறி சின்ன வளையமாக இருக்கும் வகை) என்றால் கறுப்புக்கும் வளையத்துக்கும் நடுவில் வெள்ளை நன்றாகத் தெரியும் அளவுக்கு வளையம் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான வளையம் துல்லியம் தரும் என்று நினைத்து, கண் களைத்துப் போகிறவர்கள் நிறைய. இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், அதன் முன்னால் சின்ன வெள்ளை மறைப்பு வைத்தால் போதும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, இயல்பாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஐந்திலிருந்து எட்டு நொடிக்குள் சுட்டுவிட வேண்டும். அதற்குள் சரியாக அமையவில்லை என்றால் ரைபிளை இறக்கிவிடுங்கள். மனசு 'இவ்வளவு நேரம் பிடித்தாச்சே, சுட்டுவிடு' என்று சொல்லும், கேட்காதீர்கள். இறக்கி வைக்கத் தெரிந்தவரின் ஸ்கோர்தான் நிலையாக இருக்கும்.

ட்ரிக்கரை நேர் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். நடுவில் வந்ததும் 'இப்போ!' என்று வெடுக்கென்று இழுப்பதில்தான் நல்ல குறிகள் கெடுகின்றன. சுட்ட பிறகும் இரண்டு நொடி அப்படியே நின்று முன்குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபாலோ த்ரூ என்பது இதுதான், சம்பிரதாயம் இல்லை. ஸ்ப்ரிங் வகைத் துப்பாக்கியில் பெல்லெட் (ஏர் ரைபிளின் குண்டு) குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் நகர்ந்து துப்பாக்கியை உலுக்கிவிடும். காற்றழுத்தச் சிலிண்டர் உள்ள போட்டி ரைபிளில் அந்த உலுக்கல் மிகக் குறைவு. அதிலும் சுட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்கிறவருக்குக் குண்டு ஒரு பக்கம் ஓடும்.

அட்டையே பாதி வைத்தியம் சொல்லிவிடும். குண்டுகள் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் விழுந்தால் மூச்சையும் கன்னம் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். பக்கவாட்டில் பரவினால் ட்ரிக்கர் விரலையும் உடல் திசையையும் பாருங்கள். தனியாக ஒன்று மட்டும் விலகிப் போனால் அதற்காக சைட்டைத் தொடாதீர்கள்.

அப்புறம் சுடாமல் பழகுவது. ட்ரை ஃபயர் என்று சொல்வார்கள். பெல்லெட் இல்லாமல், நிலை, மூச்சு, குறி, ட்ரிக்கர், ஃபாலோ த்ரூ எல்லாவற்றையும் அப்படியே செய்வது. சத்தமும் ஸ்கோரும் இல்லாததால் உங்கள் தப்பு உங்களுக்கே பளிச்சென்று தெரியும். நல்ல சுடுநர்கள் உண்மையில் சுடுவதைவிட இதையே அதிகம் செய்கிறார்கள். போட்டி இலக்கின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர். வீட்டில் ஐந்து மீட்டர்தான் இடம் என்றால் சுவரில் 15 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் ஒட்டுங்கள், கண்ணுக்கு அதே அளவு தெரியும். இதற்கென்று தனி ஏற்பாடு உள்ள போட்டி ரைபிளில் மட்டும் செய்யுங்கள். ஸ்ப்ரிங் துப்பாக்கியைக் காலியாக அடித்தால் உள்ளே பிஸ்டன் சீல் கெடும், பாயின்ட் 22-ல் தோட்டாவைத் தட்டும் ஊசி அடிபடலாம். என்.சி.சி. ரைபிளில் என்றால் உங்கள் அதிகாரியின் அனுமதியோடும் அவர் சொல்லும் முறைப்படியும்தான்.

சரி, போட்டிக்கு வருவோம்.

உங்களைப் போன்றவருக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள்தான் நல்ல வாசல். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. பாயின்ட் 22-க்கு லைசென்ஸ் வேண்டும், 50 மீட்டர் சுடுதளம் வேண்டும், காற்றைக் கணிக்கவும் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு போகலாம். 10 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தசமத்தில் 10.9 வரை மதிப்பெண், மொத்தம் 654. எலக்ட்ரானிக் இலக்கில் 75 நிமிடம், அதாவது ஒரு குண்டுக்குச் சராசரியாக 75 நொடி. அதற்கு முன் தயாரிப்புக்கும் சைட் சரிபார்க்கவும் 15 நிமிடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசி குண்டை 10.8 சுட்டுத் தங்கம் வாங்கியது இதே பிரிவில்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்ததும் இதில்தான்.

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். என்.சி.சி.யில் தல் சைனிக் முகாமிலும் (ராணுவப் பிரிவு மாணவர்களின் தேசிய முகாம்), இயக்ககங்களுக்கு (மாநில வாரியான என்.சி.சி. அமைப்புகள்) இடையிலான சுடுதல் போட்டியிலும் இடம்பிடிக்கத் தேர்வு நடக்கும். சுடும் ஆர்வம் இருக்கிறது என்று உங்கள் அதிகாரியிடம் வாய் திறந்து சொல்லுங்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. ஓய்வு பெற்று வந்தவர்களில் நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். விசாரித்தால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.

வெளியில் என்றால் மாநில ரைபிள் சங்கத்தோடு இணைந்த ஒரு ரைபிள் கிளப்பில் சேர வேண்டும். சேரும் முன் 'இணைப்பு இருக்கிறதா, மாநிலப் போட்டிக்கு இங்கிருந்து பெயர் கொடுக்க முடியுமா' என்று நேராகக் கேளுங்கள். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல் தனி மாவட்டங்களாகிவிட்டதால், உங்கள் முகவரிக்கு எந்த மாவட்டக் கணக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கிளப்பிலிருந்து மாநிலப் போட்டி, அங்கே தகுதி ஸ்கோர் எடுத்தால் தென்மண்டலம், பிறகு தேசியப் போட்டி. வளைய சைட்டுக்கு வசதியில்லாதவர்களுக்கு ஓப்பன் சைட் (வளையம் இல்லாத சாதாரணக் குறி) ஏர் ரைபிள் என்று தேசிய ரைபிள் சங்க விதிப்படி தனிப் பிரிவு உண்டு. செலவு குறைவு, அடிப்படை நன்றாகப் பதியும். முதல் வருடம் அதில் இறங்குவது நல்லது என்பது என் கருத்து.

வெளிநாட்டுப் போட்டி ரைபிள் சில லட்சம் ஆகும். கிளப் ரைபிளிலேயே பழகுங்கள். கையில் பணம் இருந்தால் முதலில் உங்கள் அளவுக்குச் சரியான சுடும் ஜாக்கெட்டுக்குச் செலவழியுங்கள். விறைப்பான கேன்வாஸ் அது, முதுகைத் தாங்கும். அதன் தடிமனையும் விறைப்பையும் போட்டிக்கு முன் அளந்து பார்ப்பார்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நிற்பது பெரும் பாடு, வியர்வையில் கன்னம் வழுக்கும், இதயத் துடிப்பு ஏறும். மே மாதத்தில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியைத் தொடங்கி, நடுநடுவே ஜாக்கெட்டைத் திறந்து காற்றாடவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

பெல்லெட்டிலும் கொஞ்சம் கவனம். போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லெட்தான், தாளில் சுத்தமான வட்ட ஓட்டை போடும். 4.49, 4.50 என்று தலை அளவு வேறுபடும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று ஒத்துவரும். சுட்டுப் பார்த்து எதில் குழு சின்னதாகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் என்பதால் சாப்பிடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ரைபிள் காலி என்று தெரிந்தாலும் குழல் இலக்குப் பக்கம்தான் பார்க்க வேண்டும். சுடும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. கீழே வைக்கும்போது போல்ட் திறந்து, குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி செருகி இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஏர் கன்தானே என்று ஏரிக்கரையில் கொக்கையும் நாரையையும் சுடுகிற பையன்களை நம் பக்கம் பார்க்கிறேன். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், என் மனசுக்கும் ஆகாத காரியம். அப்படிச் செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தருவதில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது: ஒரு நோட்டு வாங்கி, அடுத்த முறை சுட்டதும் அட்டையைப் பார்த்துக் குண்டுகள் விழுந்த இடங்களைக் கையால் வரைந்து, பக்கத்தில் மூச்சு, பாதம், ட்ரிக்கர் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், பதிவுக்கும் வயதுப் பிரிவுக்கும் கேட்பார்கள். மாநிலப் போட்டி அறிவிப்பு வந்தால் கடைசித் தேதி வரை காத்திருக்காமல் பெயர் கொடுத்துவிடுங்கள். க்ரூப்பிங் படத்தை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.