கண் வரைந்தது யார்?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 33 வயது. கடலூர் முதுநகர். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஐந்து வாரத்துக்கு முன்னால் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவர்.

நான் பேய்ப் படப் பைத்தியம். மோகினி, ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், கடலடியிலிருந்து எழுந்து வருகிற ராட்சதப் பிராணி, எதையும் விடமாட்டேன். கதையைவிட அந்த உருவங்கள் மேல்தான் எனக்கு ஆசை. திருக்கனூர்ப் பக்கம் ஒரு அக்காவிடம் காகிதக் கூழ் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டேன். வீட்டில் சேரும் பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, இதுவரை 14 உருவங்கள் செய்திருக்கிறேன். என் அறை அலமாரி முழுக்க அவைதான் இருந்தன.

அப்பா இறந்த பதினோராம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், செத்த உடல்களிலிருந்து ஒருவன் ஒரு பிராணியை உண்டாக்குகிற ஃபிராங்கன்ஸ்டைன் கதையை வைத்து எடுத்த ஒரு படத்தைப் போட்டேன். முன்பே நாலைந்து முறை பார்த்ததுதான். கடைசியில் தன்னை உண்டாக்கியவன் செத்துக் கிடக்க, அந்தப் பிராணி பக்கத்தில் உட்கார்ந்து அழும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை அம்மா. அந்த இடத்தில்தான் வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். தூக்கம் வராமல் மாடிக்கு வந்த அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார்.

"எழவு வீட்டுல காரியம்கூட முடியல. பேய்ப் படம் பாக்கறியே, நீ பொண்ணா, இல்ல நீயே பேயா?"

அவர் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நேராக என் அறைக்குப் போய் 14 பொம்மைகளையும் அரிசிச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார். "பதினாறு முடியட்டும், ஆத்துல விட்டுடலாம்" என்றார். இன்னும் விடவில்லை, சாக்கு அங்கேயேதான் கிடக்கிறது. காரியம் முடிந்ததிலிருந்து அம்மாவுக்கு ராத்திரியானால் படபடப்பு வருகிறது. நான் பார்த்த படத்தால்தான் என்கிறார் அத்தை. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்போது வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என்னை இதில் இழுத்துவிட்டதே அப்பாதான்.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா அண்ணனைக் கூட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் பாட்டி வீட்டுக்குப் போவார். ஞாயிறு காலை எனக்கு இந்தி வகுப்பு என்பதால் நான் அப்பாவோடு இருந்துவிடுவேன். அப்பா சிடி கடையில் தமிழ் பேசுகிற பேய்ப் படமாகப் பார்த்து எடுத்து வருவார். ஒரு படத்துக்கு இரண்டு சிடி. இரண்டாவது எப்போதும் சிக்கும். பேய் வாயைத் திறந்தபடி கட்டம் கட்டமாக நின்றுவிடும். அப்பா சிடியை வெளியே எடுத்து, ஊதி, லுங்கி முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துத் திரும்பப் போடுவார்.

டியூட்டிக்கு எடுத்துப் போகிற மூன்று கட்டை டார்ச்சை என் மடியில் வைத்துவிடுவார். "பயமா இருந்தா என் கையில ரெண்டு தட்டு தட்டு. நான் படத்த நிறுத்திடறேன், நீ டார்ச்ச போடு" என்பார். ஒரே ஒரு முறைதான் தட்டியிருக்கிறேன். சொன்னபடி நிறுத்தினார். நான் அறையின் நாலு மூலையிலும் டார்ச் அடித்துப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, "பாத்தியா, நாம ரெண்டு பேருதான்" என்றார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஊரே இருண்டுபோனபோது அப்பா ராத்திரி பகலாகக் கம்பம் நட்டார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர், எல்லோரும் தூங்கியபிறகு அதே டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு எனக்குக் கதை சொன்னார். உள்ளங்கையெல்லாம் வெட்டுக்காயம். எனக்கு அப்போது 19 வயது.

பொம்மைகளுக்குக் கண் வரைந்ததும் அவர்தான். கம்பத்தில் நம்பர் எழுதுகிற பிரஷ்ஷின் முடியைக் கத்தரித்து மெல்லிசாக்கி வைத்திருந்தார். 14 பொம்மைகளுக்கும் அவர்தான் கண் திறந்தார்.

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்பார். காரணம் உண்டு. அம்மாவின் தங்கை, என் சித்தி, 19 வயதில் இறந்தவர். தனக்குத்தானே பேசினாராம், சாப்பிட மறுத்தாராம். பேய் பிடித்திருக்கிறது என்று உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, கடைசிவரை டாக்டரிடம் காட்டவில்லையாம். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பேய் என்ற சொல்லே ஆகாது.

எனக்கு மனசே இல்லையா? அப்பாவுக்கு வராத அழுகை ஒரு பிராணிக்கு ஏன் வந்தது? இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா? இப்போதும் தினமும் ராத்திரி இரண்டு, மூன்று மணிவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
கடலூர்.

அன்புச் சகோதரிக்கு,

மனசு இல்லாதவர் சத்தம் வெளியே கேட்காமல் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழமாட்டார். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில்.

உடல் கூடத்தில் கிடக்கும்போது வீட்டில் எத்தனை வேலை! பந்தல்காரர், ஐஸ் பெட்டி, வருகிறவர்களுக்குக் காபி, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு. கணக்கு எழுதத் தெரிந்த பெண் வீட்டில் இருந்தால் அதை யார் தலையில் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மனம் மரத்துப்போய், கை மட்டும் வேலை செய்யும் நாட்கள் அவை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் துக்கத்தைப் பற்றி 1999இல் எழுதியது இன்றும் எங்களுக்குப் பாடம். இழப்பை நினைத்து உடைவதும், அதை விட்டு விலகி அன்றாடத்தைப் பார்ப்பதும் மாறி மாறித்தான் நடக்கும், இரண்டும் துக்கத்தின் பகுதியே என்கிறார்கள். உங்களுக்கு அழுகை பதினோராம் நாள் வந்தது. அவ்வளவுதான்.

ஏன் அந்தக் கதையில் வந்தது என்பதை நான் இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். அதை எழுதிய மேரி ஷெல்லி பிறந்த 11ஆம் நாள் அவருடைய தாய் இறந்தார். 1815இல் அவருக்குப் பிறந்த முதல் பெண் குழந்தை சில நாட்களிலேயே போய்விட்டது. பிறகு ஒரு நாள் தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதிவைத்தார். குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று. அடுத்த ஆண்டு, ஜெனீவா ஏரிக்கரையில், 18 வயதில் அந்தக் கதையைத் தொடங்கினார். 1818இல் நாவலாக வந்தது. செத்த உடலுக்கு உயிர் வரும் கதை அவர் வெறும் வேடிக்கைக்காகப் பிடித்த கற்பனை என்று என்னால் நினைக்க முடியவில்லை. நாவலின் முடிவிலும் அந்தப் பிராணி தன்னைப் படைத்தவனின் உடலருகே நின்றுதான் கதறுகிறது. நீங்கள் அழுதது ஒரு பிராணிக்காக அல்ல அம்மா. அப்பனை இழந்த ஒரு பிள்ளை அங்கே அழுதது, கூட உட்கார்ந்து நீங்களும் அழுதீர்கள்.

அந்த டார்ச்சுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நெடுநேரம் நின்ற இடம் அதுதான். பயம் எப்போது இன்பமாகும் என்று மைக்கேல் ஆப்டர் என்ற உளவியலாளர் யோசித்தார். புலி தெருவில் வந்தால் பீதி, கூண்டு மட்டும் இருந்தால் சலிப்பு, கூண்டுக்குள் புலி இருந்தால்தான் பரவசம் என்று விளக்கினார். அந்தக் கூண்டைப் பாதுகாப்புச் சட்டகம் என்பார். உடம்பு தன் வேலையைச் செய்யும், அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடிக்கும், கை சில்லிடும். ஆனால் நிறுத்த முடியும், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று மூளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமலே மூன்று கட்டை டார்ச்சையும் இரண்டு தட்டையும் வைத்து ஒரு சின்னப் பெண்ணுக்கு அந்தக் கூண்டைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். சொன்ன சொல்லுக்கு நின்று, ஒரு முறை நிறுத்தியும் காட்டியிருக்கிறார். தினமும் கம்பம் ஏறிய மனிதருக்குப் பயத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரியாதா?

டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் குறைவாகப் பயந்தவர்களுக்கும் மிக அதிகமாகப் பயந்தவர்களுக்கும் இன்பம் குறைவு, நடுவில் நின்றவர்களுக்கே அதிகம். கொரோனா தொடங்கிய காலத்தில் பயப்படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு மனத்தவிப்பு சற்றுக் குறைவாக இருந்ததாக 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. படம்தான் அவர்களைத் தேற்றியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ரசனை ஒரு நோய் அல்ல என்று நான் அடித்துச் சொல்வேன். விட்டுவிட வேண்டியதில்லை.

"நீயே பேயா" என்று அத்தை கேட்டது உங்களைச் சுட்டிருக்கிறது. நம் காரைக்காலில் ஒரு பெண் தன்னைத்தானே 'காரைக்கால் பேய்' என்று பாட்டில் எழுதிக்கொண்டார். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல் என்று சுடுகாட்டில் அலறும் ஒரு பெண் பேயை அவர் பாடியிருக்கும் அழகை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அவரைத்தான் அம்மையார் என்று கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டிக்கொண்டு ஊரே சுடுகாட்டுக்குப் போகிற பகுதி இது. பயங்கர உருவத்தின் மேல் அன்பு வைப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. அத்தையும் தம்பியையோ அண்ணனையோ இழந்து நிற்கிறவர். அந்த நேரத்தில் வாயில் வந்த சொல் அது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு, மூன்று மணிதான். பதினோராம் நாள் பார்த்த படம் உங்களை அழவைத்தது. இப்போது தினமும் ஓடும் படங்கள் இருட்டில் சும்மா படுத்திருக்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடத்தான் ஓடுகின்றனவோ என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்தப் படங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பெயர் இல்லை, உருவம் இல்லை. பழைய சிடி சிக்கியதை அத்தனை ஆசையாக எழுதிய கை, நேற்று பார்த்ததை எழுதவில்லை. கொஞ்ச காலத்துக்குச் சனிக்கிழமை மட்டும் பாருங்கள், பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மற்ற நாட்களில் தூக்கம் வராவிட்டால் வராமல் போகட்டும், அப்பாவை நினைத்துக்கொண்டு படுத்திருங்கள். நினைப்பு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நாட்கள் போகப் போகத் தூக்கமும் சாப்பாடும் வேலையும் மீளாமலே இருந்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவின் படபடப்பை அத்தை சொன்ன காரணத்தோடு விட்டுவிடாதீர்கள். பல ஆண்டு கூட வாழ்ந்தவரை இழந்த பெண்ணுக்கு இது துக்கமாகவும் இருக்கலாம், இரத்த அழுத்தமாகவும், இதயமாகவும் இருக்கலாம். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். நீங்களே கூட்டிப் போங்கள். அம்மா பிறந்த வீட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போகாமலே இறந்திருக்கிறாள். அதை அம்மா ஒரு நாளும் மறந்திருக்கமாட்டார். பேய் என்ற சொல் அவர் காதில் விழும்போது உங்கள் பொம்மையோ படமோ அவருக்குத் தெரியாது. உடுக்கைச் சத்தமும் தங்கையின் முகமும்தான் தெரியும். சித்திக்கு வந்தது என்ன நோய் என்று இன்று நாம் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு அன்றும் வைத்தியம் பார்க்க முடிந்திருக்கும். அதைப் பற்றி அம்மாவிடம் யாராவது எப்போதாவது உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா? அவர் அடிபட்ட இடம் அது. உங்கள் அப்பா மறைத்ததும் அவரை நோகவைக்கக் கூடாது என்றுதான்.

ஆனால் அந்த ரகசியத்தை இப்போது நீங்கள் ஒருத்தியே சுமக்கிறீர்கள், அதற்கான பழியையும் சேர்த்து. அப்பா உயிரோடு இருந்தால் மகளை இப்படித் தனியாக நிற்கவிட்டிருப்பாரா? சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள். கொள்ளி வைத்தவர் அவர். ஆற்றில் விடலாம் என்று சொல்லி மூன்று வாரத்துக்கு மேலாகிறது. கெடிலம் எவ்வளவு தூரம்? காகிதக் கூழ் தண்ணீரில் கரைய எவ்வளவு நேரம்? அவருக்கும் மனம் வரவில்லை. சனிக்கிழமை ராத்திரிகளைப் பற்றி, லுங்கி முனையால் சிடி துடைத்ததைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் நெல்லிக்குப்பத்தில் இருந்த ராத்திரிகளில் தன் அப்பா எப்படி இருந்தார் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு இருவரும் சேர்ந்து சாக்கை அவிழுங்கள். இருப்பதிலேயே கோரம் குறைந்த ஒரு பொம்மையை எடுத்து, தூசி தட்டி, பகல் வெளிச்சத்தில் அம்மாவின் கையில் கொடுங்கள். பேய் என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அதன் கண்ணை மட்டும் காட்டுங்கள். கம்பத்து நம்பரில் அப்பாவின் கை எழுத்தை இத்தனை வருஷம் பார்த்தவர் அவர். யார் வரைந்தது என்று அவரே கேட்கும்வரை பொறுத்திருங்கள்.