தண்ணீர் வீணாகிறதே, இலைத்துளை மூடியே இருந்தால் என்ன?

வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பகுதி இலைத்துளை என்ற, இலையில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக ஆவியாகிவிடுகிறது, பிறகு எதற்கு அந்தத் துளை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. மூடியே கிடந்தால் செடி பட்டினியில் சாகும். இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயு உள்ளே வர அந்தத் துளைகளை விட்டால் வேறு நல்ல வழியில்லை.

சிக்கல் எங்கே என்றால், காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம்தான். இலைக்குள்ளோ ஈரம் ததும்புகிறது. அதனால் பெரும்பாலான செடிகளில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. இலை குளிர்வதும், வேரிலிருந்து தண்ணீர் மேலே இழுக்கப்படுவதும் இதனால்தான்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கல்லூரியில் ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் அடித்தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றிலும் ஊதா நிறச் செல்கள். நடுநடுவே பச்சையாக, அவரை விதை மாதிரி, ஒவ்வொரு துளையின் இருபுறமும் நின்று அதைத் திறந்து மூடும் இரண்டிரண்டு காப்புச் செல்கள். ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டேன். ஊதா நிறம் செல்லுக்குள் சுருங்கியது, காப்புச் செல்கள் தளர்ந்தன, இடைவெளி மூடிக்கொண்டது. பாடத்தில் பலமுறை படித்ததுதான். ஆனாலும் கண்ணெதிரே நடந்தபோது மூச்சே நின்றது போலிருந்தது.

செடி தானாகச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வெளிச்சம் பட்டால் காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் புகும், பின்னாலேயே தண்ணீரும் வரும். செல்கள் உப்பி வளைய, துளை திறக்கும். மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். பொட்டாசியமும் தண்ணீரும் வெளியேறித் துளை மூடும்.

நீங்கள் சொல்வது போலப் பகலில் மூடியே வைத்திருக்கும் செடிகளும் உண்டு. கள்ளி, அன்னாசி, ரணகள்ளி எல்லாம் இரவில்தான் திறக்கும். அப்போது வாங்கிய வாயுவை அமிலமாகச் சேர்த்து வைத்து, விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்தும். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் எழுதியது 1815-இல் அச்சானது. அது ஏன் என்று விளங்க அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் ஆனது.