தாயம் விழாத மத்தியானம்

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆரியங்காவு பக்கம் போகும்போது கேரள லாட்டரிச் சீட்டு வாங்குவேன். முதல் பரிசு எண்ணின் கடைசி இலக்கத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நானூறு குலுக்கல் ஆகிவிட்டது. கடைசி நாற்பதில் 7 வரவே இல்லை. இனி வந்துதானே தீர வேண்டும்? கடவுள் பகடை ஆடுவதில்லை என்றார் ஐன்ஸ்டைன். அப்படியென்றால் தற்செயல் என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாமே நமக்குப் பிடிபடாத கணக்கா? ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

ச., செங்கோட்டை

அன்புள்ள ச.,

உங்கள் மனைவி கட்சிதான் நானும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐன்ஸ்டைனை விட்டுவிடுங்கள், லாட்டரிக்கு அவர் சாட்சி வரமாட்டார். ஜாதகக்காரர்கள் பேச்சும் வேண்டாம். ஆனால் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரேடு மாதிரி கோடு போட்டு, 7 வந்த இடத்தில் மட்டும் சிவப்பு மையால் வட்டம். என் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

கோடை விடுமுறையில் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாதது. ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். பதினாறு வகையாக விழலாம், அதில் இரண்டுதான் தாயம். எட்டில் ஒரு பங்கு. தாயம் போடாமல் காயை இறக்க முடியாது. ஒரு மத்தியானம் ஆச்சிக்கு முப்பது தடவை உருட்டியும் விழவில்லை. கட்டையை முந்தானையில் துடைத்தாள், இடம் மாறி உட்கார்ந்தாள், என்னை எழுந்து போகச் சொன்னாள். "இம்புட்டு நேரம் விழலல்லா, இனி விழாம எங்க போவும்" என்றாள்.

இதையேதான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். வட்டிக் கணக்கில் ஒரு பைசா விடாதவர் இதை எழுதலாமா? முப்பத்தோராவது தடவையும் எட்டில் ஒரு பங்குதான். பித்தளை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. குலுக்கல் இயந்திரத்துக்கும் உங்கள் நோட்டு தெரியாது. நாளைக்கு 7 வர வாய்ப்பு பத்தில் ஒன்று. நேற்றும் அதுதான், அந்த நாற்பது நாளும் அதுதான்.

எங்கே சறுக்குகிறோம் தெரியுமா? தற்செயல் என்றால் பந்தியில் பரிமாறுவது போல இலைக்கு ஒரு கரண்டி சமமாக விழும் என்று நினைக்கிறோம். அது அப்படி விழாது. ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தைக் காலியாக விடும். 1944-இல் ஜெர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது சில இடங்கள் திரும்பத் திரும்ப அடி வாங்கின. குறிபார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். பின்னால் ஆர்.டி. கிளார்க் என்பவர் காப்பீட்டுக் கணிதர்களின் சஞ்சிகையில் 1946-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டமாகப் பிரித்தார். விழுந்தது 537 குண்டு. கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருந்தால் சுமார் 227 கட்டம் தப்பியிருக்க வேண்டும். தப்பியது 229. நாலும் அதற்கு மேலும் வாங்கிய கட்டங்கள் எட்டு. கணக்குப்படி ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எட்டுக் கட்டத்தில் குடியிருந்தவர்களிடம் போய் இது தற்செயல் என்று சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

உங்கள் கேள்வி பாதியில் நிற்கிறது, சரி. அடியாழத்தில் தற்செயல் உண்டா என்றால், இயற்பியல்காரர்கள் பெரும்பாலும் உண்டு என்கிறார்கள். ஒரு ரேடியம் அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கைப்பிடி ரேடியத்தில் பாதி கரைய 1600 வருஷம் ஆகும் என்று அடித்துச் சொல்லலாம். ஒன்றைச் சொல்ல முடியாது, கும்பலைச் சொல்லலாம்.

அதனால் நானும் ஒரு ஆரூடம் சொல்கிறேன். 7 எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் அனுப்பாத பக்கங்களில், ஏதாவது ஓர் இலக்கம் நாற்பது குலுக்கலோ அதற்கு மேலோ தலைமறைவான இடங்கள் நாலைந்தாவது இருக்கும், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம். ஒவ்வொன்றும் அன்றைக்கு 'இனி வந்தே தீரும்' என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டியதுதான். நீங்கள் 7-ஐ மட்டும் வட்டம் போட்டதால் மற்றவை கண்ணில் படவில்லை. 2003-இல் இங்கே லாட்டரியை மூடியும் மலை தாண்டிப் போய் வாங்குகிற ஆளுக்கு, உட்கார்ந்த இடத்தில் இதை எண்ணுவது பெரிய வேலையா?

ஆச்சிக்கு அன்றைக்குத் தாயம் விழுந்தது. இடது கைச் சுண்டுவிரலால் ஒரு கட்டையை மெல்லப் புரட்டியதை நான் பார்த்தேன். "விழுந்துட்டு பாத்தியா" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் ஆட்டம் தொடங்கினால் போதும் என்றிருந்தது.

நோட்டை எண்ணிவிட்டு எழுதுங்கள். அதுவரைக்கும் சீட்டு வாங்காதீர்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் நானே செங்கோட்டைக்கு வருகிறேன், சேர்ந்து ஆரியங்காவு போவோம்.