கிளாப் அடிப்பது யாருக்காக?

அன்புள்ள சார்,

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். கேமரா என் செல்போன்தான். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொள்வதுதான் கதை, எட்டு நிமிடம் வரலாம். எங்களில் ஒருவன் மட்டும் சென்னையில் ஒரு படத்தில் ஆறு மாதம் உதவி இயக்குநராக இருந்தவன். வாயைத் திறந்தால் மாஸ்டர், சஜஷன், லுக், லைன் க்ராஸ் என்றுதான் பேசுகிறான். கேட்டால் ‘போகப் போகப் புரியும்’ என்கிறான். போதாததற்கு கிளாப் போர்டு வேறு வாங்க வேண்டுமாம். செல்போனில் எடுக்கிற படத்துக்கு அது எதற்கு? வெறும் பந்தாதானே? சீன், ஷாட், டேக் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதே எனக்கு இன்னும் குழப்பம். இதையெல்லாம் முறையாகப் படித்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டுமா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

நானும் ஒரு காலத்தில் கிளாப் அடித்தவன்தான். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை, அதற்குள் வெயில் என்னை எழுத்தாளனாக்கிவிட்டது. அதனால் உங்கள் நண்பரை நான் முழுதாக விட்டுக்கொடுக்க முடியாது.

படப்பிடிப்பில் புழங்கும் வார்த்தைகளில் முக்கால்வாசி எடிட்டருக்காகச் சொல்லப்படுபவை. ஆனால் எடிட்டர் அன்றைக்கு அங்கே இருக்க மாட்டார். சில வாரங்கள் கழித்து எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து நீங்கள் எடுத்ததைத் திறந்து பார்ப்பார். அவருக்கு எழுதி வைக்கும் குறிப்புகள்தான் இவையெல்லாம். உங்கள் படத்தில் எடிட்டரும் நீங்களாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் ஞாபகம் இருக்காது.

கிளாப்பையே எடுத்துக்கொள்வோம். சீன் எண் எழுதும் ஒரு பலகை, அதன் தலையில் திறந்து மூடும் ஒரு கட்டை, அவ்வளவுதான் அது. கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தனியாக ஓடும் இடத்தில் படம் ஒரு பக்கம் இருக்கும், சத்தம் ஒரு பக்கம் இருக்கும். இரண்டையும் சேர்க்க இரண்டிலும் பதிவாகிற ஒரு கணம் வேண்டும். கட்டை மூடுவது படத்தில் தெரியும், ‘டக்’ என்ற சத்தம் ஒலியில் கேட்கும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி படங்கள். அதில் கட்டை சரியாக மூடியிருக்கும் ஒரே ஒரு ஃப்ரேமைத் தேடி, அந்த ‘டக்’கை அதன் மேல் வைத்துவிட்டால் பிறகு வசனம் முழுக்க உதட்டோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு ஃப்ரேம் தள்ளிப்போனால் போதும், பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் உறுத்தும். இப்போது படத்திலும் ஒலியிலும் ஒரே நேரக் குறியைப் பதியும் டைம்கோடு வைத்து மென்பொருளே சேர்த்துவிடுகிறது. இருந்தும் பெரிய படங்களில் கட்டையை விடவில்லை. டைம்கோடு காலை வாரினால் கைகொடுக்க அது வேண்டும்.

அதை அடிப்பதிலும் தொழில் இருக்கிறது. க்ளோசப் என்றால் நடிகரின் மூக்குக்குக் கீழே பலகையைப் பிடித்து மெதுவாக அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் அவர் கண்ணை இமைத்து, அழ வேண்டிய மனநிலையே போய்விடும். ஒலி இல்லாமல் எடுக்கும் ஷாட் என்றால் கட்டைக்கு நடுவே விரலை வைத்துக் காட்டுவார்கள். சத்தத்தைத் தேடாதே என்று எடிட்டருக்குச் செய்தி. தொடக்கத்தில் அடிக்க முடியாமல் போனால் ஷாட் முடிந்ததும் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பார்கள், அது எண்ட் போர்டு. என் இரண்டாம் நாளில் நான் தொடக்கத்திலேயே தலைகீழாகப் பிடித்தேன். அன்று வாங்கியதை இங்கே எழுத முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். செல்போனிலேயே ஒலியும் பதிவாகிறதென்றால் சேர்க்கும் வேலையே இல்லை. ஆனால் எண் வேண்டும். இரண்டு நாளில் உங்கள் போனில் நூறு துண்டுகள் சேரும், எல்லாமே முதல் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் போதும், காசு கொடுத்து போர்டு வாங்க வேண்டாம். சட்டைப் பையில் இன்னொரு போனை ஒளித்து வைத்துத் தனியாக ஒலி எடுப்பதாக இருந்தால், நடிகரையே கைதட்டச் சொல்லுங்கள்.

சிலேட்டில் எழுதப் போவதுதான் நீங்கள் கேட்ட மூன்றும். இடமோ நேரமோ மாறினால் சீன் மாறுகிறது. அதே டீக்கடையானாலும் காலை ஒரு சீன், மாலை இன்னொரு சீன். அந்த சீனைக் கேமரா எந்தெந்த இடத்திலிருந்து எவ்வளவு நெருக்கத்தில் எடுக்கிறதோ அவையெல்லாம் ஷாட்கள். ஒரு ஷாட் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுப்பவை டேக். ‘சீன் 2, ஷாட் 5, டேக் 3’ என்றால் அவ்வளவுதான். மாஸ்டர் என்பது இரண்டு பேரும் பெஞ்சும் எல்லாம் தெரிய முழுக் காட்சியையும் எடுப்பது. சஜஷன், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் முகம். மற்ற பெயர்களைக் கையில் போன் இருந்தால் ஒரே மாலையில் தெரிந்துகொள்வீர்கள்.

லைன் க்ராஸ் அப்படியல்ல, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் கதையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவர் கண்களுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் இமாஜினரி லைன் என்கிறார்கள். கேமரா கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கும்வரை ஒருவர் திரையில் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார். இந்தப் பார்வைத் திசைதான் உங்கள் நண்பர் சொல்லும் லுக். எதிரெதிரே இருப்பது புரியும். ஒருவரின் க்ளோசப்பை மட்டும் கோட்டைத் தாண்டிப் போய் எடுத்தால் இருவருமே ஒரே பக்கம் பார்ப்பார்கள். நேரில் எடுக்கும்போது இது தெரியவே தெரியாது. அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு இப்படி நடந்திருக்கிறது. நண்பர்களோடு எடுத்த ஒரு சின்னப் படம், அதிலும் பெஞ்சில் இரண்டு பேர். மதியத்துக்கு மேல் வெயில் ஒருவர் முகத்தில் நேராக அடித்தது. நிழல் கிடைக்கிறதே என்று கேமராவை மறுபக்கம் தூக்கிப் போனோம். படத்தை வெட்ட உட்கார்ந்தபோது எடிட்டர் நிறுத்திவிட்டுக் கேட்டார், “ரெண்டு பேரும் சேர்ந்து யாரைப் பார்க்கிறாங்க? அங்கே மூணாவது ஆள் நிக்கிறாரா?” மறுபடி எடுக்கக் காசில்லை. இரண்டு முகங்களுக்கு நடுவே வேறு எதையாவது வைத்தால் கண் பழைய திசையை மறந்துவிடும். கேமரா உதவியாளர் பொழுதுபோகாமல் கடை வாசலில் படுத்திருந்த நாயை எடுத்து வைத்திருந்தார். அதைச் செருகித் தப்பித்தோம். படம் பார்த்த நண்பர் ஒருவர் அந்த நாய் என்ன குறியீடு என்று இருபது நிமிடம் விளக்கினார். நான் மறுக்கவில்லை.

ஃபிலிமில் எடுத்த காலத்தில் 1000 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். 400 அடியென்றால் நாலரை நிமிடம்கூடத் தேறாது. ஃபிலிம் விலை அதிகம் என்பதால் முதலில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அது ஓடுகிறது என்று குரல் வந்தபிறகே ‘ரோல் கேமரா’ என்பார்கள், அதன் பின் கிளாப், ‘ஆக்‌ஷன்’. ஒத்திகையைத் தமிழ் சினிமாவில் ‘மானிட்டர்’ என்பதுண்டு, டிவி மாதிரி இருக்கும் மானிட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு ஃபிலிம் செலவு இல்லை, அதனால் அவசரப்பட வேண்டாம். வசனம் முடிந்த அடுத்த நொடியே ‘கட்’ என்று கத்தாதீர்கள். இரண்டு மூன்று விநாடி ஓடட்டும். வசனம் முடிந்தபின் முகத்தில் மிச்சம் இருப்பதுதான் வெட்டும்போது பயன்படும்.

அப்புறம் கண்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் தொடர்வது. டீக்கடைக் கதையில் உங்கள் உயிரை வாங்கப்போவது கிளாஸ்தான். மாஸ்டரில் எந்த வசனத்தில், எந்தக் கையால் கிளாஸைத் தூக்கினார், டீ எவ்வளவு இருந்தது என்று ஒருவர் நோட்டில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குடிக்கக் குடிக்க டீ நிறைந்துகொண்டே போகும். உங்கள் உதவி இயக்குநர் நண்பருக்கு அந்த வேலையைக் கொடுங்கள், பேச்சு குறையும்.

படித்துவிட்டு எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். முதலில் ஒரே ஒரு பக்க வசனத்தை எடுத்து, அன்றிரவே போனிலேயே வெட்டிப் பாருங்கள். எந்த வார்த்தை எதற்கு என்று அங்கே தெரிந்துவிடும். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு அந்தக் கடைக்குப் போய், வெயில் பெஞ்சின் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். வாசலில் நாய் படுத்திருந்தால் அதையும் ஒரு பத்து விநாடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.