முந்தைய இரவு பனி கொட்டினால் மறுநாள் உச்சிக்குப் போகலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்காந்தா ஏற நண்பர்கள் நான்கு பேர் முன்பணம் கட்டியிருக்கிறோம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிய அனுபவம் உண்டு. உச்சிக்குக் கிளம்பும் முந்தைய இரவு எதிர்பாராமல் பனி கொட்டிவிட்டால் என்ன செய்வது? ‘காலில் ஸ்பைக் மாட்டிக்கொண்டால் போதும், ஏற்றிவிடுவோம்’ என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா?
- வாசகர், கோவை

பதில்: நம்பாதீர்கள். இரவில் கனமாகக் கொட்டியிருந்தால் மறுநாள் உச்சிக்குக் கிளம்பவே வேண்டாம்.

ஸ்பைக் என்பது இறுகிய பனியையும் பனிக்கட்டியையும் கவ்வுவதற்கான கருவி. முழங்கால் அளவுக்குப் புதுப்பனி கிடந்தால் அதற்குப் பிடிமானமே கிடைக்காது. ஈரப்பனி அடிப்பாதத்தில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு இன்னும் வழுக்கும். வெள்ளியங்கிரி உங்கள் மூச்சையும் முழங்காலையும் பழக்கியிருக்கும். ஆனால் அங்கே எந்தக் கல்லில் கால் வைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே பாறை இடுக்குகளைப் பனி மூடிவிடும். கால் உள்ளே போய்ச் சிக்க, உடம்பு முன்னால் விழ, கணுக்கால் முறியும். சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், விடியாத குளிரில் அப்படி விழுந்தவரைக் கீழே தூக்கி வருவது பெரும் பாடு.

இதைவிடப் பெரிய ஆபத்து பனிச்சரிவு. காட்டைத் தாண்டியபின் வருவது திறந்தவெளி ஏற்றம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் பெரும்பாலும் பனி பெயர்ந்து வரும். பழைய பனியோடு புதுப்பனி ஒட்டிக்கொள்ள அவகாசம் வேண்டும்; முதல் ஓரிரு நாள்கள்தான் மிக மோசம். சிக்கியவர்களில் பெரும்பாலானோர் தம் எடையாலோ உடன் வந்தவரின் எடையாலோ அதைக் கிளப்பிவிட்டவர்கள். புதைந்தவர் கால் மணி நேரத்தைத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். அதற்குள் ஏற்றம் தொடங்கும் அடிவாரக் கிராமமான சாங்க்ரியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது.

‘வானம் தெளிந்துவிட்டது, இனிப் பயமில்லை’ என்பார்கள். காற்று அடிக்காவிட்டால், இரண்டு நாள் பொறுத்தபின் அது ஓரளவு சரி. காற்று அடித்தால் சரியில்லை. மலையின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது காற்றின் வேலை. வானத்திலிருந்து ஒரு துகள்கூட விழாத நாளிலும் அந்தப் பக்கத்தில் பனி ஏறிக்கொண்டே இருக்கும். முகட்டிலிருந்து வெண்புகை போலப் பனி பறந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். மிதிக்கும்போது ‘தொம்’ என்று வெற்று ஒலி கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, வந்த தடத்திலேயே, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுத் திரும்புங்கள்.

இனி உங்கள் ஏற்பாட்டாளர். இன்ஸ்டாகிராமில் ‘உச்சிக்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் போட்டுப் பணம் வாங்குபவர் பல நேரங்களில் மலைக்கு வருவதே இல்லை. குழுவை அங்குள்ள ஒருவரிடம் தலைக்கு இவ்வளவு என்று கைமாற்றிவிடுவார். வழிகாட்டியாக வரும் கிராமத்து இளைஞன் மலையை அறிந்தவனாகவே இருக்கலாம். ஆனால் உச்சியைத் தொடாமல் திரும்பினால் அவனுக்குத்தான் ஏச்சு, அவனுக்குத்தான் கூலிக் குறைப்பு. பிறகு எப்படி அவன் ‘வேண்டாம்’ என்பான்? யார் அழைத்துப் போகிறார், உத்தரகாசி மலையேற்ற நிறுவனத்திலோ அதுபோன்ற இடத்திலோ அடிப்படைப் பயிற்சி முடித்தவரா, பனியால் திரும்பினால் பணம் என்னாகும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் போனாலும் விலகுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் கேட்க வேண்டியிருப்பதே கொடுமை. அடையாள அட்டையும் கட்டணமும் பார்க்கும் சோதனைச் சாவடியில் வழிகாட்டியின் பயிற்சிச் சான்றிதழையும் பார்த்தால் என்ன? சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதை அச்சிட்டுச் சாவடியில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? கேதார்காந்தா இருக்கும் இதே உத்தரகாசி மாவட்டத்தில் 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில், பயிற்றுநர்களோடு சென்ற குழுவிலேயே 29 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. 2024 ஜூனில் சஹஸ்த்ர தால் பாதையில், கோடையிலேயே, பனிப்புயலில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் இறந்தார்கள். இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் இந்த அதிகாரிகளுக்கு?

உங்கள் பயணத் திட்டத்தில் உபரி நாள் ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். விற்பவர்கள் அப்படித்தான் அடுக்குவார்கள். டேராடூனிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளி மாற்றிக்கொள்ளுங்கள். பனி கொட்டினால் முகாமில் காத்திருக்க அந்த இரண்டு நாள் வேண்டும்.