மகளை ஊடகத்துறைக்கு விடலாமா? முதலில் முதலாளியைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். செய்தித்துறைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தகப்பனுக்குத் துளியும் விருப்பமில்லை. அம்மாவுக்குப் பாதி மனம். போவதென்றால் பெரிய கம்பனிக்குப் போகட்டும், சின்ன இடத்தில் ஒரு பிரச்சினை வந்தால் யார் பார்ப்பார்கள் என்கிறார். அடுத்த வரியிலேயே, அமெரிக்காவில் அவ்வளவு பெரிய டிஸ்னியே தன் ஆளை நிறுத்திவிட்டதே என்றும் கேட்கிறார்.

அம்மா, அந்த இரண்டாவது வரி உங்களுடைய முதல் வரிக்குப் பதில் சொல்லிவிட்டது. பெரிய இடம் என்றால் பயமில்லை என்பது வங்கி வேலையையும் அரசாங்க வேலையையும் பார்த்து எங்களுக்கு வந்த நம்பிக்கை. ஊடகத்தில் அது அப்படியே பொருந்தாது. கம்பனி பெருக்கப் பெருக்க அதற்கு அரசாங்கத்திடம் ஆகவேண்டிய காரியங்களும் பெருகும். உரிமம், இன்னொரு கம்பனியை வாங்க அனுமதி, வரிச் சலுகை, அரசு விளம்பரம் என்று எங்காவது ஒரு கோப்பு யாருடைய மேசையிலாவது கிடக்கும். சர்ச்சை வந்தால் மேலிடம் முதலில் அந்தக் கோப்பைத்தான் நினைக்கும். உங்கள் மகளை நினைப்பது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் சொன்ன டிஸ்னி விஷயத்தையே எடுப்போம், அதில் படிக்க நிறைய இருக்கிறது. ஜிம்மி கிம்மல் ஏபிசி அலைவரிசையில் இரவுநேர நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துபவர். ஏபிசி டிஸ்னிக்குச் சொந்தமானது. 2025 செப்டெம்பரில் அரசியல் செயற்பாட்டாளர் சார்லி கேர்க் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து கிம்மல் பேசிய சில வசனங்கள் சர்ச்சையாகின. ஒளிபரப்பு உரிமங்களைக் கையாளும் எஃப்சிசி ஆணைக்குழுவின் தலைவர் பிரெண்டன் கார் வெளிப்படையாகவே எச்சரித்தார். 17ஆம் திகதி நிகழ்ச்சி காலவரையின்றி நிறுத்தப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நாட்டில் உரிமம் கொடுக்கப்படுவது ஊருக்கு ஊர் இருக்கும் நிலையங்களுக்கு, ஏபிசி போன்ற வலையமைப்புக்கு அல்ல. ஏபிசியின் நிகழ்ச்சிகளைக் காட்டும் நிலையங்களில் பெரும்பாலானவை வேறு கம்பனிகளின் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான நெக்ஸ்டார்தான் முதலில் நிகழ்ச்சியைக் காட்டமாட்டோம் என்று அறிவித்தது. அதே நேரத்தில் நெக்ஸ்டார், டெக்னா என்ற இன்னொரு நிலையக் கம்பனியை 6.2 பில்லியன் டொலருக்கு வாங்கும் முயற்சியில் இருந்தது. அதற்கு அனுமதி தரவேண்டியது யார்? அதே எஃப்சிசி. முடிவு முழுக்கத் தங்களுடையதே என்று நெக்ஸ்டார் சொன்னது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தத் துறைக்கு வரும் பிள்ளை இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பழகவேண்டும்.

பிறகு மறுபக்கத்தில் இருந்து அழுத்தம் வந்தது. சனங்கள் டிஸ்னி சந்தாக்களை ரத்துச் செய்யத் தொடங்கினார்கள். 400க்கு மேற்பட்ட கலைஞர்கள் கிம்மலுக்கு ஆதரவான கடிதம் ஒன்றில் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். 23ஆம் திகதி கிம்மல் திரும்பி வந்துவிட்டார். நெக்ஸ்டாரும் இன்னொரு நிலையக் கம்பனியான சின்கிளேயரும் தங்கள் நிலையங்களில் 26ஆம் திகதி வரை காட்டாமல் இழுத்தடித்தன. கொள்கை என்று கம்பனி சொல்வதெல்லாம் பல நேரங்களில் எந்தப் பக்கத்தால் நட்டம் கூட என்ற கணக்குத்தான். இதைச் சொல்வதால் பிள்ளைக்கு விரக்தி வரத் தேவையில்லை. கணக்குத் தெரிந்தவளுக்கு ஏமாற்றம் குறைவு, அவ்வளவுதான்.

கிம்மலுக்கு ஒரு கிழமையில் வேலை திரும்பக் கிடைத்தது. அவருக்குப் பெயர் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கு ஒலி பார்த்தவர், வசனம் தட்டச்சு செய்தவர் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? எங்கள் பிள்ளைகள் முதல் பத்து வருடம் நிற்கப்போவது அந்த வரிசையில்.

பணம் கொடுத்து முடிப்பது இன்னொரு வழி. டொனால்ட் ட்ரம்ப் தொடுத்த அவதூறு வழக்கை 2024 டிசெம்பரில் ஏபிசி 15 மில்லியன் டொலர் தருவதாக இணங்கி முடித்தது. 2025 ஜூலையில் சிபிஎஸ் அலைவரிசையின் தாய்க் கம்பனியான பரமவுண்ட், ஒரு நேர்காணலைத் திருத்தி வெளியிட்டது தொடர்பாக ட்ரம்ப் தொடுத்த வழக்கை 16 மில்லியனுக்கு முடித்தது. கம்பனி வெல்லக்கூடிய வழக்கு என்று சட்டம் தெரிந்த பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்கைடான்ஸ் கம்பனியுடன் பரமவுண்ட் இணைவதற்கு எஃப்சிசி அனுமதி கிடைத்ததும் அதே மாதத்தில்தான். அதற்கு மூன்று மாதம் முன்பே, அந்த நேர்காணலை ஒளிபரப்பிய செய்தி நிகழ்ச்சியின் நிறைவேற்றுத் தயாரிப்பாளர் பில் ஓவன்ஸ், சுயாதீனமாக முடிவெடுக்க முடியவில்லை என்று சொல்லி விலகியிருந்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஊடகம் எப்போதும் பாவம், அரசியல்வாதி எப்போதும் வில்லன் என்று பிள்ளை நினைத்துக்கொண்டு வரக்கூடாது. ஃபொக்ஸ் நியூஸ் 2023இல் டொமினியன் என்ற வாக்களிப்பு இயந்திரக் கம்பனிக்கு 787.5 மில்லியன் டொலர் கொடுத்தது. தேர்தல் மோசடி பற்றிய பொய்யை ஒளிபரப்பியதற்காகத் தொடுத்த வழக்கு அது. அங்கே கம்பனியை ஆட்டிவைத்தது பார்வையாளர் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம். பிபிசியில் 2025 நவம்பரில் பணிப்பாளர் நாயகம் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவி டெபோரா டேர்னெஸும் பதவி விலகினார்கள். ட்ரம்பின் உரை ஒன்றை ஆவணப்படத்தில் வெட்டி ஒட்டிய விதம்தான் விஷயம். அரசியல் அழுத்தம் அங்கேயும் இருந்தது, உண்மை. வெட்டியது பிழையான வெட்டு, அதுவும் உண்மை. எடிட்டிங் மேசையில் இருக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி வீட்டுக்கு வருவோம். கொழும்பில் இதெல்லாம் புதிதல்ல. லேக் ஹவுஸ் பத்திரிகைக் கம்பனி தனியார் கையில் இருந்தது. 1973இல் சட்டம் கொண்டுவந்து 75 வீதப் பங்குகளை அரசு தன் பக்கம் எடுத்தது. அதன் தமிழ் நாளிதழான தினகரன் அன்றிலிருந்து அரச பத்திரிகை. ஆட்சி மாறினால் அங்கே தலைமைக் கதிரைகள் மாறுவது எங்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி. 2009 ஜனவரி 6ஆம் திகதி சிரச தொலைக்காட்சியின் தெபானம நிலையத்துக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். தமிழ் அலைவரிசையான சக்தியும் அதே குழுமம்தான். இரண்டு நாளில் சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டார். தகப்பனின் பயம் இங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். கொல்லப்பட்ட செய்தியாளர்கள் சிவராமையும் நிமலராஜனையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை அது. அந்தப் பயத்தைப் பிழை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் சண்டே லீடரின் மிச்சக் கதையையும் கேளுங்கள். ஆசிரியர் கொல்லப்பட்ட பிறகும் அந்தப் பத்திரிகை நிற்கவில்லை, பிரெட்ரிக்கா ஜான்ஸ் பொறுப்பேற்று நடத்தினார். 2012இல் பெரும்பான்மைப் பங்குகள் வேறொருவர் கைக்குப் போயின. அதே வருடம் பிரெட்ரிக்கா வேலையில் இருந்து நீக்கப்பட்டார். துப்பாக்கியால் நிறுத்த முடியாத பத்திரிகை பங்குக் கைமாற்றத்தோடு மாறிப்போனது. இன்றைய பிள்ளை சந்திக்கக்கூடிய ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்: சத்தமில்லாமல், கடிதத்தலைப்பில், மனிதவளப் பிரிவின் கையெழுத்தோடு வரும்.

பிபிசி தமிழோசையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலையில் அது போய்க்கொண்டிருந்தபோது தமிழ் நிகழ்ச்சியின் பகுதிகள் இடையில் வெட்டப்பட்டன. 2009இலும் 2013இலும் பிபிசி அந்த ஏற்பாட்டையே இடைநிறுத்தியது. கம்பனி தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது, நியாயமும் அதன் பக்கம்தான். நட்டம் பண்பலையில் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு.

படப் பக்கத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு அன்னபூரணி போதும். நயன்தாரா நடித்த அந்தப் படம் 2023 டிசெம்பரில் திரைக்கு வந்து, பின்பு நெட்ஃபிளிக்ஸில் ஏறியது. மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று முறைப்பாடு வந்ததும் 2024 ஜனவரியில் தளத்தில் இருந்து காணாமல் போனது.

சரி, மகள் என்ன செய்யலாம்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த நிறுவனத்தின் முதலாளிக்கு வேறு என்ன வியாபாரங்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதட்டும். கட்டுமானமா, இறக்குமதியா, ஹோட்டலா? அரசாங்கக் கேள்விப்பத்திரம் எடுக்கும் வியாபாரம் ஏதாவது உண்டா? ஒரு கிழமை அந்த அலைவரிசையின் செய்தியைப் பார்த்து, எந்த விளம்பரங்கள் வருகின்றன, அந்த விளம்பரதாரரைப் பற்றி ஒரு கெட்ட செய்தியாவது வந்ததா என்று குறிக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியாது. முதலாளிக்கு வேறு வியாபாரம் இருந்தால் அங்கே போகவே கூடாது என்றால் இந்த நகரத்தில் வேலையே கிடைக்காது. எந்தச் சுவரில் தலை முட்டும் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

அப்புறம் நியமனக் கடிதம். இதைப் பெற்றோர் வாசிப்பதே இல்லை, சம்பள வரியை மட்டும் பார்ப்பார்கள். அண்மையில் ஒரு பிள்ளை கொண்டுவந்த கடிதத்தில், ஊழியர் தன் சொந்த முகநூலில் போடும் பதிவு நிறுவனத்தின் நற்பெயரைப் பாதித்தால் முன்னறிவித்தல் இன்றி நீக்கலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. மறுபக்கம், ஆசிரியர் சொல்லி அவள் எழுதிய செய்திக்கு யாராவது வழக்குப் போட்டால் நிறுவனம் வழக்கறிஞர் வைக்குமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போடுமுன் அதை மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். கேட்டாள். பதில் வந்தது, நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று. ஒரே வரிதான், ஆனால் எழுத்தில் இருக்கிறது. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் இந்தத் துறைக்குள் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் 12 வீதமும் பிள்ளையின் 8 வீதமும் போகிறதா என்றும் பாருங்கள். செய்திக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வைத்திருக்கும் இடத்தில் இது எதுவும் இருக்காது. அப்படியான ஆளைச் சர்ச்சை நேரத்தில் கழற்றிவிடக் கடிதம்கூடத் தேவைப்படாது, அடுத்த செய்தியை வாங்காமல் விட்டால் போதும்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழகம் போகப் போதுமான இசட் புள்ளி வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கலாம். வராவிட்டாலும் கதவு மூடவில்லை. கிருலா வீதியில் உள்ள இலங்கைப் பத்திரிகை நிறுவனத்தின் இதழியல் கல்லூரி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மொழியும் தெரிந்தவளை ஒரு செய்தி அறை வெளியே அனுப்பினாலும் மொழிபெயர்ப்பு, நிறுவனத் தொடர்பாடல், ஆய்வு என்று வேறு இடங்கள் எடுத்துக்கொள்ளும். போக வேறு இடம் இருக்கிறவள்தான் கூட்டத்தில் துணிந்து முடியாது என்று சொல்வாள்.

பெறுபேறு வரும்வரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொழும்பு மாநகர சபைக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். உங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்குக் கடைசியாக எவ்வளவு செலவழித்தார்கள், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள் என்று கேட்டால் போதும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். கந்தோருக்கு அவளே போகட்டும், நீங்கள் கூடப் போகவேண்டாம். பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பக்கூடாது. பதில் வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு இருக்கிறது, அதையும் அவளே எழுதட்டும். அந்தக் கடிதக் கட்டோடு என்னிடம் வந்தால், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று இருந்து பேசலாம்.